முடுக்கிய கை

எழும்பிவிட்டது. ஓடுதளத்தின் பாதியில், சிமெண்டு பிளந்து எருக்கஞ்செடி முளைத்திருக்கும் இடத்துக்கு முன்பே சக்கரம் தரையை விட்டுவிட்டது. இன்றைக்கு வண்டியில் அவர் ஒருத்தர்தானே, அதுதான் இவ்வளவு சுளுவாக ஏறுகிறது. நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எருக்கஞ்செடியைத் தாண்டித்தான் எழும்பும், எல்லாம் உன்ற வெயிட்டு அம்மிணி என்று ஒரு சிரிப்புச் சிரிப்பார். வண்டி என்றுதான் நாங்கள் சொல்வது. விமானம் என்றால் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் ஏறுவது, இது நாங்களே தகடு வெட்டி, துளை போட்டு, ஆணி அடித்துச் செய்த இரண்டு சீட்டு வண்டி. பம்புசெட் பட்டறை வைத்திருந்த மனுசனுக்கு ஐம்பது வயதில் பறக்க ஆசை வந்தால் என்ன செய்வார், பம்பு செய்த கையாலேயே அதையும் செய்வார். சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, செங்கோட்டுவேலுக்குக் கிறுக்கு முத்திப் போச்சு, வசுமதியாச்சும் எடுத்துச் சொல்லக்கூடாதா என்று சொல்லிக்கொண்டு போனார்கள். இந்த வசுமதி என்ன சொல்வாள், அவர் ஆணி அடிக்க வசுமதி தகட்டுக்கு அந்தப் பக்கம் இரும்புக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், காது இரண்டும் இரைய இரைய, பல வருசம். இப்போது நான் நிற்பது வண்டிக் கொட்டகை வாசலில், கையில் ஒரு ரேடியோவும் தண்ணீர் பாட்டிலுமாக. உடுமலைப் பக்கம் மூடிப்போன ஒரு நூற்பாலையில் அந்தக் காலத்து முதலாளி வந்து இறங்குவதற்குப் போட்ட தளம் இது, இன்றைக்கு இங்கே எங்களையும் நாலு மயிலையும் தவிர யாரும் இல்லை. தை மாசத்துக் காலை. கம்பத்தில் காற்றின் திசை காட்டுகிற காற்றுப்பை அசையாமல் தொங்குகிறது. ஒரு சுற்று, அவ்வளவுதான் பேச்சு. மலைப்பக்கம் போய், காற்றாலைகளை விட்டு விலகித் திரும்பி, வாய்க்கால் மேலாக வந்து இறங்கிவிடுவார். இறங்கியதும் சொல்லிவிட வேண்டும். இனிமே நீங்க வண்டி ஓட்டக்கூடாதுங்க. இவ்வளவுதான் வாக்கியம், இதில் கஷ்டமான வார்த்தை ஒன்றுகூட இல்லை, குளிக்கும்போது சொல்லிப் பார்த்தால் நன்றாகத்தான் வருகிறது.

ஆரம்பம்தாம்மா என்றார் டாக்டர், என் வீட்டுக்காரரின் மூளைப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, இங்கே பாருங்க, இங்கே பாருங்க என்று, எனக்கு எல்லாம் சாம்பல் நிறமாகத்தான் தெரிந்தது. கார் ஓட்டறதைக் குறைச்சுக்கச் சொல்லுங்க என்றார். கார் சரி. வண்டியைப் பற்றி அவர் கேட்கவில்லை, எந்த டாக்டர் கேட்பார், உங்கள் வீட்டுக்காரர் வானத்தில் ஏறுவதுண்டா என்று. நானும் சொல்லவில்லை. சுகந்தி பெங்களூரிலிருந்து தினம் போன் போட்டுக் கத்துகிறாள், அம்மா, சாவிய எடுத்து ஒளிச்சு வெச்சிரும்மா, அதென்ன பெரிய கம்பசூத்திரமா என்று. பெற்ற பெண்ணுக்கு எல்லாம் சுலபம். ஆடிக் காற்று அடங்கட்டும் என்று தள்ளிப் போட்டேன், ஐப்பசி மழை விடட்டும் என்றேன், பொங்கல் கழியட்டும் என்றேன், கழிந்துவிட்டது. எனக்கு ஒரு சாக்கு இருந்தது. தரையில்தான் அவருக்கு எல்லாம் மறக்கிறது, கேஸை மூடாமல் வந்துவிடுகிறார், சம்பந்தி பெயரைக் கேட்டால் முழிக்கிறார், செருப்பை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுகிறார். ஆனால் வண்டிக்குள் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக் கைப்பிடியைப் பிடித்துவிட்டால் எதுவும் மறப்பதில்லை, அந்தக் கைக்கு எல்லாம் தெரிகிறது, பக்கத்தில் உட்கார்ந்து நானே பார்த்தது. அங்கே மேலே மட்டும் என் பழைய மனுசன் அப்படியே இருக்கிறார். அங்கிருந்தும் அவரை இறக்கி விட்டால் அப்புறம் நான் எங்கே போய் அவரைப் பார்ப்பது. இதைச் சுகந்தியிடம் சொன்னால் அம்மாவுக்கும் ஆரம்பிச்சிருச்சு என்பாள்.

சும்மா நிற்க முடியவில்லை எனக்கு, எப்போதும் முடியாது, அவர் மேலே இருக்கும்போது கொட்டகையைக் கூட்டுவேன், துணிகளை மடிப்பேன். இந்தத் துணி ஏன் இங்கே கிடக்கிறது. பெஞ்சு ஓரத்தில் சுருட்டிப் போட்டு, கிரீஸ் பிசுக்கோடு. நேற்றைக்கு முன்னால் இது இங்கே இல்லை. நேற்று நான் தாராபுரத்தில், நாத்தனார் பேத்தி காதுகுத்துக்குப் போயிருந்தேன், அவர் வரவில்லை என்றார், வீட்டில் படுத்திருப்பார் என்று நினைத்தேன். வந்திருக்கிறார் இங்கே. துணியை உதறினால் டக்கென்று ஏதோ விழுகிறது. ஒரு பின். நுனி இரண்டும் வளைந்து முறிந்த பழைய பின். இன்னொன்றும் விழுகிறது, அது புதுசு, நேராக, வளையாமல், பளபளவென்று. பொறு வசுமதி, நிதானமாக யோசி. நட்டு கழன்றுவிடாமல் இருக்க அதன் காடிக்குள் குறுக்கே கோத்து வளைத்து விடுகிற பின் இது. நட்டைக் கழற்றினால் பழைய பின்னைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசுதான் போட வேண்டும். பழையது இங்கே இருக்கிறதென்றால் எதையோ கழற்றியிருக்கிறார். புதுசும் இங்கேயே இருக்கிறதென்றால் அதைப் போடவில்லை. எதை, எதைக் கழற்றினார். வாலை. இன்று காலை நான் பார்த்தேனே, வாலில் அந்த ஒரு நட்டில் மட்டும் பொட்டு பளிச்சென்று புதுச் சிவப்பாக இருந்ததே, மற்றதெல்லாம் வெயிலில் காய்ந்து பழுப்பாகி இருக்க அது மட்டும், பார்த்து, நன்றாக இருக்கிறதே என்றுகூட நினைத்தேனே பாவி.

பொட்டு என்று நாங்கள் சொல்வது அந்தச் சிவப்புக் கோட்டைத்தான். நட்டை முடுக்கி முடித்ததும் நட்டிலிருந்து போல்ட் வரைக்கும் நகப்பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும், நட்டு துளி திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். வண்டி முழுக்க அந்தப் பொட்டு இருக்கிறது, எல்லாம் என் கை. முடுக்கிய கை பொட்டு வைக்கக்கூடாது, முதல் போல்ட்டு போட்ட அன்றைக்கு அவர் போட்ட சட்டம் இது. நான் முடுக்கினா எனக்கு அது செரியாத்தான் தெரியும், தப்பு உன்ற கண்ணுக்குத்தான் தெரியும் என்பார். அவர் முடுக்குவார், நான் டார்ச் அடித்து, விரலால் தொட்டு, பின் இருக்கிறதா, வளைத்திருக்கிறதா என்று பார்த்து, அப்புறம்தான் பாலிஷ் பாட்டிலைத் திறப்பேன். இவ்வளவு படித்த பொம்பளை நட்டுக்குப் பொட்டு வெச்சுட்டுத் திரியறா என்று நாத்தனார் கேலி செய்வாள். பறப்பதற்கு முன்னால் சுற்றி வரும்போது நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவேன், அவர் தொட்டுத் தொட்டு ஆச்சு, ஆச்சு என்பார். வால் என்றேன். ஆச்சு என்றார். நானும் எட்டிப் பார்த்தேன், பொட்டு இருந்தது. பொட்டு இருந்தால் நான் பார்த்தாகிவிட்டது என்று அர்த்தம், நான் பார்த்ததை நான் எதற்கு இன்னொரு தடவை பார்க்க வேண்டும். நேற்று அவருக்குப் பொட்டு வைக்க வேண்டும் என்பது நினைவிருந்திருக்கிறது. யார் வைக்க வேண்டும் என்பது போய்விட்டது. பின் போட வேண்டும் என்பதும் போய்விட்டது. தனியாக, இந்தக் கொட்டகையில், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு என் பாட்டிலைத் திறந்து, என்னைப் போலவே அழகாகக் கோடு இழுத்திருக்கிறார்.

எங்கே போனார். மலைப்பக்கம் ஒரு புள்ளி, அது அவரா, பருந்தா. சத்தம் வருகிறது, அவர்தான். வாலில் மேலும் கீழும் ஆடுகிற தட்டு அது, அதைக் கைப்பிடியோடு சேர்ப்பது அந்த ஒரு போல்ட்டு, அந்தத் தட்டுதான் வண்டியின் மூக்கைத் தூக்குவதும் தாழ்த்துவதும். என்ஜின் ஆட்டத்தில் நட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பித் திரும்பி வெளியே வரும், நட்டு விழுந்தால் போல்ட்டு நழுவும், போல்ட்டு நழுவினால் கைப்பிடி சும்மா ஆடும். நினைக்காதே, அதுக்கு மேல் நினைக்காதே. எவ்வளவு நேரம் தாங்கும். ஒரு சுற்று தாங்கும். நன்றாக முடுக்கியிருப்பார், அவர் கை முடுக்கினது சாமானியத்தில் கழலாது, வீட்டு ஊறுகாய் ஜாடியையே என்னால் திறக்க முடியாது. கைப்பிடி செத்துப்போனாலும் என்ஜினைக் கூட்டிக் குறைத்தே மூக்கைத் தூக்கலாம் இறக்கலாம் அம்மிணி என்று ஒரு நாள் மேலே எனக்குச் செய்து காட்டினார், கைப்பிடியிலிருந்து கையை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு, நான் பயந்து அவர் சட்டையைப் பிடித்துக் கிழித்தே விட்டேன். அந்த நாள் அவருக்கு இப்போது நினைவிருக்குமா. சட்டை கிழிந்ததாவது நினைவிருக்குமா. ரேடியோவில் சொல்லிவிடலாமா, ஏனுங்க, வாலுல பின்னு இல்லீங்க என்று. சொன்னால் அவருக்கு என்ன ஆகும். நிதானமானவர்தான், கை நடுங்காதவர்தான், ஆனால் போன மாசம் கரண்ட் பில் எங்கே என்று நான் கொஞ்சம் குரலை உயர்த்திக் கேட்டதற்கு முகம் வெளுத்து, நடு அறையில் நின்றுகொண்டு, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தாரே. பயம் வந்தால் அந்த மனுசன் வந்துவிடுகிறார். அந்த மனுசன் மேலே போய்விடக்கூடாது. பயப்படாமல் இருந்தால்தான் என் மனுசன் ஓட்டுவார். சொல்லாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால். ஆண்டவனே, எதைச் செய்தாலும் தப்பு மாதிரி ஒரு வேளையை ஏன் ஒருத்திக்குக் கொடுக்கிறாய். குரலை மட்டும் சரியாக வைத்துக்கொள், தண்ணீர் குடி, தொண்டையைச் செருமிக்கொள், பொத்தானை அழுத்து.

"ஏனுங்க, கேக்குதுங்களா?"

"கேக்குது, சொல்லு."

"காத்து மாறுறாப்பல இருக்குதுங்க. சுத்து போதும், அப்படியே திரும்பி வந்து எறங்கிருங்க. மெதுவா வாங்க."

பொத்தானை விட்டுவிட்டு ரேடியோவைக் காதோடு ஒட்ட வைத்துக்கொண்டேன்.

"செரி," என்றார். "மெதுவாத்தான் வருவேன். நீ நிக்காத, உக்காரு."

உட்காரு என்றால். ஏன் உட்காரச் சொல்கிறார். காற்றுப்பை அசையவே இல்லை, அவருக்கு மேலிருந்து பார்த்தால் வாய்க்கால் தண்ணீரிலேயே காற்று தெரியும், ஏதம்மிணி காத்து, உனக்குத்தான் கண்ணு மங்கிப் போச்சு என்று சண்டைக்கல்லவா வருவார், சரி என்கிறாரே. நல்ல வேளை, சண்டை பிடிக்கவில்லை. திரும்புகிறார். அகலமாக, அவ்வளவு அகலமாக, இறக்கையைச் சாய்த்ததே தெரியாமல், தட்டில் சாம்பார் சிந்தாமல் எடுத்து வருகிறவர் மாதிரி திரும்புகிறார். இவ்வளவு சோம்பலாக அவர் திரும்பி நான் பார்த்ததில்லை. காற்றாலைகளைத் தாண்டி விட்டார். சுகந்தி கல்யாணத்துக்கு முந்தின வாரம் முதல் தடவை இதே வழியாக நான் மேலே போனேன், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பாரம்மிணி பாரு, நம்ம அடிச்ச ஆணி ஒண்ணுகூடக் கழலல என்று கத்தினார், கண்ணைத் திறந்தால் கீழே தென்னந்தோப்பெல்லாம் பச்சைப் புள்ளியாக, எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோசமா என்று கேட்டார், இல்லை, நான் இரும்புக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற அத்தனை நாளும் அழ வேண்டியது அப்போது வந்தது. நாம் அடித்த ஆணி. நாம். ஒருவர் கை போனால் இந்த வண்டியில் எதுவுமே சரியில்லை. வாய்க்காலுக்கு வந்துவிட்டார். மூக்கைத் தாழ்த்துகிறார், கொஞ்சம், இன்னும் கொஞ்சம், கைப்பிடி வேலை செய்கிறது, போல்ட்டு இருக்கிறது, இருக்கிறது, என்ஜின் சத்தம் குறைகிறது, கூடுகிறது, எதற்குக் கூட்டுகிறார், கைப்பிடியை நம்பாமல் என்ஜினாலேயே இறக்குகிறாரா, அந்த நாள் நினைவிருக்கிறதா உங்களுக்கு, சாமி. வேலி. வேலியைத் தாண்டிவிட்டார். சக்கரம் தொட்டது, ஒரு துள்ளல், மறுபடி தொட்டது, ஓடுகிறது, தரை, தரை, தரையில் இருக்கிறார்.

நான் ஓடினேன். இந்த முட்டியை வைத்துக்கொண்டு எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. என்ஜின் நின்றிருந்தது, அவர் இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். நான் முதலில் அவரிடம் போகவில்லை, வாலுக்குப் போனேன், குனிந்து பார்த்தேன். போல்ட்டு இருந்தது. நட்டு அதன் நுனியில் தொத்திக்கொண்டு இருந்தது, சிவப்புக் கோடு இரண்டு துண்டாகி, ஒரு பாதி இந்தப் பக்கமும் மறு பாதி எங்கோ பின்னாலும். விரலால் தொட்டேன், சுலபமாகச் சுற்றியது. கையை எடுத்துவிட்டேன்.

"பின்னு போடல அம்மிணி," என்றார் உள்ளேயிருந்து. "மேல போயி மொதத் திருப்பத்துல நெனப்பு வந்திருச்சு. நீ பயந்துக்குவீன்னுதான் சொல்லல."

"எனக்குந் தெரியுமுங்க. நானும் நீங்க பயந்துக்குவீங்கன்னுதான்."

அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் தொடைமேல் வைத்தார். "பொட்ட நானே வெச்சிருக்கறன் அம்மிணி. நானே முடுக்கி நானே வெச்சிருக்கறன். இனி நான் ஏறக்கூடாது. இத்தோட போதும்." சின்னப் பிள்ளை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதார். முப்பத்தேழு வருசத்தில் அவர் அழுது நான் பார்த்தது அவங்க அம்மா போனபோதுதான். நான் இறக்கைக்குக் கீழே நின்று அவர் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த அழுகைக்கு நடுவே எனக்கு ஒரு நிம்மதி. நான் சொல்ல வேண்டியதை அவரே சொல்லிவிட்டார். குளியலறையில் பழகின வாக்கியம் தேவையில்லை. எவ்வளவு பெரிய பாரத்தை என் தலையிலிருந்து இறக்கி வைத்துவிட்டார் என்று அவர் முடியைக் கோதிக்கொண்டே நினைத்தேன், பிசாசு நான்.

வண்டியைத் தள்ளிக் கொட்டகைக்குள் விட்டோம். இறக்கையின் முன்விளிம்பில் பூச்சிகள் அப்பிக் காய்ந்திருந்தால் தகட்டைத் தின்றுவிடும், இறங்கியதும் துடைத்துவிட வேண்டும், இன்றைக்கு மட்டும் எதற்கு என்று நான் சொல்லவில்லை. அவர் அந்த இறக்கை, நான் இந்த இறக்கை, ஈரத்துணியை வைத்துக்கொண்டு. வாளித் தண்ணீர் இதமாகக் குளிர்ந்திருந்தது. முகம் கழுவிக்கொண்டு பிஸ்கட் இரண்டு தின்றார், கொஞ்சம் தெளிவாகத்தான் இருந்தார், எனக்கு அது ஆச்சரியமாகக்கூட இருந்தது, இவ்வளவு சீக்கிரம் தேறிவிட்டாரே என்று. வாசல் வழியாக வெளியே பார்த்தார்.

"நாளைக்கு இன்னுங்கொஞ்சம் நேரமே வந்துரலாம் அம்மிணி. காத்தே இல்ல பாரு. நீயும் ஏறிக்க."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் விளையாட்டு எதுவும் இல்லை.

"இப்பத்தானுங்களே சொன்னீங்க, இனி ஏற மாட்டேன்னு."

"நானா? எதுக்கு?"

துணியை வாளியில் போட்டேன். அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து ஆரம்பத்திலிருந்து சொன்னேன், வாலைக் கழற்றியதை, பின்னை, பொட்டை, அகலமாகத் திரும்பி வந்ததை. கையில் இரண்டு பின்னையும் வைத்துக் காட்டினேன். அவர் கேட்கக் கேட்க அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, சற்று முன் எப்படி இறங்கியதோ அப்படியே, அதே இடத்தில் உதட்டைக் கடித்து. எழுந்து போய் வாலில் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். "நானா பொட்டு வெச்சேன்?" என்றார். ஆமாங்க என்றேன். "அப்ப இனி நான் ஏறக்கூடாது அம்மிணி, இத்தோட போதும்," என்றார், முதல் தடவையாகச் சொல்கிறவர் மாதிரி, நான் இதுவரை கேட்டதே இல்லை என்பது மாதிரி. நான் அழுதுவிட்டேன். சாயங்காலம் காப்பிக்கு முன்னால் ஒரு தடவை சொல்ல வேண்டியிருக்கும், நாளைக்கு அவர் விடியுமுன்னே ஷூவைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கும்போது சொல்ல வேண்டியிருக்கும், ஒவ்வொரு தடவையும் இவருடைய வண்டியை இவரிடமிருந்து நான் புதுசாகப் பிடுங்க வேண்டியிருக்கும். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கிரீஸ் கையை முதலில் வேட்டியில் துடைத்துக்கொண்டு, என் முதுகைத் தடவினார்.

"நீ அழுகாத. மொத நாளுதான் அப்படி இருக்கும். நாலு நாள்ல எனக்குப் பழகிரும், பாரு."

"ஆமாங்க," என்றேன். "பழகிருமுங்க."